வேரில்லாப் புல்வெளி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில், 1965-ஆம் ஆண்டு ‘ஆஸ்ட்ரோடோம்’ என்னும் மாபெரும் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. முழுவதும் கூரையிட்ட அரங்கம் அது. உள்ளே புல் வளர வெயில் வேண்டுமென்பதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்திருந்தனர். ஆனால் அவற்றின் கண்கூச்சத்தில், உயர எழும்பிய பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. எனவே பலகைகளுக்கு வண்ணம் பூசினர், புல் பட்டுப்போயிற்று. மறு ஆண்டு, ஆலையில் செய்யப்பட்ட நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தனர். ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது புல்லேதான்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், அதே டெக்சஸைச் சேர்ந்த செனட்டர் லாய்ட் பென்ட்சன், தம் அலுவலகத்தில் வந்து குவிந்த கடிதங்களைக் கண்டு, டெக்சஸ்காரனுக்குப் புல்லின் வேருக்கும் ஆஸ்ட்ரோடர்ஃபுக்கும் வேற்றுமை தெரியும் என்ற பொருள்படக் கூறினார். சாதாரண மக்களிடையே தானாகக் கிளம்பும் அரசியல் எழுச்சியைப் ‘புல்லின் வேர்’ என்று குறிப்பது அந்நாட்டு வழக்கு. செனட்டருக்கு வந்த கடிதங்களோ காப்பீட்டுத் துறையினர் தங்கள் நலனுக்காக எழுப்பிவிட்டவை. அவர் வேடிக்கையாகச் சொன்ன சொல் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சொல் குறிக்கும் கலையை மிகுந்த பொறுமையோடும் பெரும் பொருட்செலவோடும் பயின்று தேர்ந்தவர்கள் காப்பீட்டுக்காரர்கள் அல்லர்; அமெரிக்க சிகரெட் நிறுவனத்தார்.

தொடக்கத்தில் அவர்களுக்கு மக்களின் குரல் தேவைப்படவில்லை. 1953 டிசம்பரில் நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில் நிறுவனத் தலைவர்கள் கூடி, ‘ஹில் அண்டு நோல்டன்’ என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்திக்கொண்டனர். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில், ‘புகைப்பவர்களுக்கு ஒளிவுமறைவற்ற அறிக்கை’ என்ற பெயரில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியாயிற்று. சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை, நாங்களே ஆராய்கிறோம் என்பது அதன் சாரம். 1958-இல் தலைநகரில் ‘டொபாக்கோ இன்ஸ்டிடியூட்’ தோன்றியது. விஞ்ஞானிகளை அமர்த்த அவர்களிடம் பணம் இருந்தது. நாடாளுமன்றத்தில் பேச, புகையிலை விளையும் தென் மாநிலங்களின் உறுப்பினர்கள் இருந்தனர். 1964-இல் அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, சிகரெட் நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கிறது என்று அறிக்கை வெளியிட்ட பின்னரும் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ‘அபாயத்தை அறிந்தே புகைக்கிறான், அது அவன் விருப்பம்’ என்ற ஒரே வாக்கியத்தில் அவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது.

அந்த வாக்கியத்தை உடைத்தவர்கள் புகைக்காதவர்கள். 1971-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் இல்லத்தரசி தம் வீட்டு வரவேற்பறையில் நண்பர்கள் சிலரைக் கூட்டி, அடுத்தவர் விடும் புகையை எதிர்ப்பதற்கென ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அதுபோன்ற குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன. 1973-இல் அரிசோனாவும் 1975-இல் மின்னசோட்டாவும் பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்தின. 1978-இல் டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டுக்காக ரோப்பர் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பு, புகைக்காதவர்களின் இந்த இயக்கமே தொழிலுக்கு இதுவரை நேர்ந்தவற்றுள் மிகவும் ஆபத்தானது என்று தன் எசமானர்களை எச்சரித்தது. அந்தக் கணிப்பு சரியானதே. புகைப்பவனுடைய விருப்பம் என்ற வாதம், அவன் பக்கத்தில் அமர்ந்து பணிபுரிபவளிடம் செல்லாது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரயாமா, புகைப்பழக்கமில்லாத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் மிகுதியாகப் புகைக்கும் வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று வெளியிட்டபோது, அந்த வாதத்தில் எஞ்சியிருந்ததும் தகர்ந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மாநிலத் தலைநகரங்களில் சட்டமன்ற உறுப்பினரை வளைத்துப்பிடிக்கச் செல்வாக்குள்ள தரகர்களை அமர்த்தலாம். நகரமன்றத்தில் அது எளிதன்று. நகரமன்ற உறுப்பினர் காலையில் கடைவீதியில் அயலாரைச் சந்திக்கிறார். மாலையில் அவர்கள் முன்னிலையில் வாக்களிக்கிறார். வெளியூரிலிருந்து வந்து பேசும் வழக்கறிஞரை அங்கே எல்லாரும் ‘இவர் யார்?’ என்று கேட்பார்கள். ஆகவே உள்ளூர் முகங்கள் வேண்டியிருந்தன. சிகரெட் நிறுவனங்களுக்கு மக்கள்மேல் திடீரென்று பற்றுப் பிறந்ததன் காரணம் இதுவே.

கலிபோர்னியா மாநிலமே அவர்களுடைய பயிற்சிக்களம். அங்கே குடிமக்கள் போதிய கையெழுத்துகளைத் திரட்டினால், ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். 1978-இல் புகைக் கட்டுப்பாட்டுக்கான ‘5-ஆம் முன்மொழிவு’ அவ்வாறு வந்தபோது, அதை எதிர்த்து நின்ற அமைப்பின் பெயர் ‘இயல்பறிவை நாடும் கலிபோர்னியர்’. பெயரில் சிகரெட்டும் இல்லை, புகையிலையும் இல்லை. பணம் மட்டும் 60 லட்சம் டாலருக்கு மேல் சிகரெட் நிறுவனங்களிலிருந்து வந்தது. முன்மொழிவு தோற்றது. 1980-இல் வந்த 10-ஆம் முன்மொழிவுக்கும் அதே கதி நேர்ந்தது. 1983-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் அலுவலகங்களில் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியபோது, நிறுவனங்கள் தாமே கையெழுத்துத் திரட்டி அச்சட்டத்தை மக்கள் வாக்குக்கு இழுத்தன. 10 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டன. அம்முறை மக்கள் மயிரிழையில் சட்டத்தைக் காப்பாற்றினர். நிறுவனங்கள் நேர்மையாக எண்ணப்பட்ட வாக்கில் கண்ட முதற் பெருந்தோல்வி அது எனலாம்.

1987-இல் பெவர்லி ஹில்ஸ் நகரில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திரைப்படச் செல்வர் வாழும் அச்சிறு நகரம் உணவு விடுதிகளில் புகைப்பதைத் தடை செய்தது. உடனே ‘பெவர்லி ஹில்ஸ் உணவு விடுதியாளர் சங்கம்’ எழுந்து, எங்கள் வியாபாரம் முப்பது விழுக்காடு விழுந்துவிட்டது என்று முறையிட்டது. நகரமன்றம் அஞ்சிற்று, நான்கே மாதங்களில் சட்டம் தளர்த்தப்பட்டது. பின்னர் விற்பனை வரிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, அப்படியொரு வீழ்ச்சியே காணப்படவில்லை. ஆனால் ‘முப்பது விழுக்காடு’ என்ற அந்த எண் அதற்குள் சிறகு முளைத்துப் பறந்துவிட்டது. எந்த ஊரில் புகைத்தடை பேசப்பட்டாலும், ‘பெவர்லி ஹில்ஸைப் பாருங்கள்’ என்ற அச்சுறுத்தல் முன்வந்து நின்றது. 1994-இல் நியூயார்க் நகரமன்றம் அதே கேள்வியை எடுத்துக்கொண்டபோது, அந்தச் சங்கத்தின் தலைவராயிருந்தவரே ஒரு கடிதம் எழுதினார். புகைத்தடைக்கு முன் அப்படியொரு சங்கம் இருந்ததில்லை என்றும், அதை அமைத்துக் கொடுத்தது சிகரெட் தொழிலே என்றும் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த அவ்வுண்மை, அந்த எண் சென்ற ஊர்களுக்கெல்லாம் பின்தொடர்ந்து சென்று சேரவில்லை.

1988-இல் சிகரெட் பெட்டிக்கு 25 சென்ட் கூடுதல் வரி விதிக்கும் 99-ஆம் முன்மொழிவு வந்தது. வரி உயர்ந்தால் கள்ளக்கடத்தல் கும்பல்கள் பெருகும் என்று தொலைக்காட்சியில் ஒரு காவல்துறையினர் எச்சரித்தார். அவர் மெய்யாகவே காவலர்தான். ஆயினும் அலுவலகப் பணியில் இருந்தவர் என்பதும், ஓய்வு நேரத்தில் திரைப்படங்களில் நடிப்பவர் என்பதும் தெரியவந்தபோது ஊரே நகைத்தது. 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியும், வாக்களித்தவர்களில் 58 விழுக்காட்டினர் வரியை ஆதரித்தனர்.

இதற்குள் நிறுவனங்கள் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தன. வாடகை முகங்கள் விரைவில் வெளுத்துவிடும். உண்மையான மனிதர் வேண்டும். அப்படிப்பட்டோர் அவர்களிடம் கோடிக்கணக்கில் இருந்தார்கள் அல்லவா? தங்கள் வாடிக்கையாளர்கள்! பரிசுச்சீட்டுக்கும் இலவசப் பொருளுக்கும் மக்கள் எழுதி அனுப்பிய பெயர்களும் முகவரிகளும் கணினிகளில் சேர்ந்திருந்தன. ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் ‘புகைப்பவர் உரிமைக் குழுக்கள்’ அமைக்கத் தொடங்கியது. குழு தொடங்குவது எவ்வாறு, கூட்டம் நடத்துவது எவ்வாறு, பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுவது எவ்வாறு என்று கற்பிக்கும் கையேடுகள் அஞ்சலில் சென்றன. கட்டணமின்றி அழைக்கத் தொலைபேசி எண் தரப்பட்டது. செய்தி மடல் வந்தது. எந்த ஊரில் எந்தச் சட்டம் விவாதத்துக்கு வருகிறது என்ற தகவல் உரிய நேரத்தில் வீடு தேடி வந்தது. ஃபிலிப் மோரிஸ் நிறுவனமோ தன் பெயரிலேயே ஒரு வண்ண இதழை நடத்திப் புகைப்பவர்களின் இல்லங்களுக்கு அனுப்பி வந்தது.

அம்மடல்களின் மொழி கவனிக்கத்தக்கது. அங்கே நோய் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. உரிமை, சுதந்திரம், மரியாதை, சகிப்புத்தன்மை, அரசின் தலையீடு ஆகியவையே பேசப்பட்டன. 1989-இல் அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைப் பட்டயம் இருநூறாம் ஆண்டை நெருங்கியபோது, தேசிய ஆவணக் காப்பகத்தோடு இணைந்து அதைக் கொண்டாடும் பொறுப்பை ஃபிலிப் மோரிஸ் ஏற்றுக்கொண்டது. பட்டயத்தின் மூலப் படிகளில் ஒன்று நாடெங்கும் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. புகைப்பது உரிமை என்று ஒரு வரிகூட எழுதாமலே, உரிமை என்ற சொல்லின் பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டது அந்நிறுவனம். விளம்பரக் கலையில் இதைவிட நுட்பமான ஒன்றை நான் அறியேன்.

1992-இன் இறுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிறர் விடும் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று முடிவு செய்து, அதனால் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகின்றனர் என்று மதிப்பிட்டது. மறு ஆண்டே ‘தேசியப் புகைப்பவர் கூட்டணி’ பிறந்தது. அதைப் பெற்றெடுத்தது ‘பர்சன்-மார்ஸ்டெல்லர்’ என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம். வளர்ப்புச் செலவு ஃபிலிப் மோரிஸுடையது. கூட்டணியின் தலைவராக அமர்ந்தவரே அந்த மக்கள் தொடர்பு நிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவர். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் மதுக்கூடங்களிலும் பந்துருட்டு விளையாட்டுக் கூடங்களிலும் நின்று உறுப்பினர் சேர்த்தனர். சில ஆண்டுகளில் தங்களுக்கு முப்பது லட்சம் உறுப்பினர்கள் இருப்பதாகக் கூட்டணி பறைசாற்றியது. அத்தனை பேர் இருந்தும் வரவில் உறுப்பினர் சந்தாவின் பங்கு மிகச் சொற்பமே.

இந்த இடத்தில் வாசகர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கூட்டணியில் சேர்ந்து கடிதம் எழுதிய மனிதர்கள் பொம்மைகள் அல்லர். பணியிடத்தில் தாம் ஒதுக்கப்படுவதாக அவர்கள் மனம் நொந்தது மெய். மழையில் வாசலில் நின்று புகைக்க நேர்ந்த தொழிலாளியின் எரிச்சல் எவரும் எழுதிக் கொடுத்ததன்று. 1994 மார்ச்சில், அதிபர் கிளின்டனின் மருத்துவத் திட்டத்துக்காகச் சிகரெட் வரியை உயர்த்தும் யோசனையை எதிர்த்துத் தலைநகரில் திரண்ட ஆயிரக்கணக்கான புகையிலைத் தொழிலாளரும் உழவரும் தம் பிழைப்பைப் பற்றித்தான் அஞ்சினர். அவர்களைக் ‘கூலிக்கு வந்த கூட்டம்’ என்று தள்ளிவிடுவது எளிது, அது நியாயமாகாது. செயற்கையாய் இருந்தது அவர்களுடைய உணர்ச்சியன்று. எந்த உணர்ச்சி, எந்த ஊரில், எந்த நாளில், எந்த உறுப்பினரின் மேசையில் போய் விழவேண்டும் என்பதைத் தீர்மானித்த கையே மறைவாக இருந்தது. தம் வாடிக்கையாளரை நோயாளியாக்கும் பொருளை விற்றவர்கள், அந்த வாடிக்கையாளரின் தன்மானத்தையும் வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள். இதில் எது பெரிய கொடுமை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

1994-இல் இக்கலை தன் உச்சத்தை எட்டியது. அங்கேயே வழுக்கியும் விழுந்தது. அதற்குள் கலிபோர்னியாவின் நூற்றுக்கணக்கான நகரங்களும் மாவட்டங்களும் புகைக்கு எதிராகத் தனித்தனிச் சட்டங்களை இயற்றியிருந்தன. மாநிலம் முழுமைக்குமான பணியிடப் புகைத்தடைச் சட்டமும் அவ்வாண்டு ஜூலையில் ஆளுநர் பீட் வில்சனின் ஒப்பம் பெற்றது. இவை அனைத்தையும் ஒரே வீச்சில் அழித்து, அவற்றைவிட மிகத் தளர்ந்த ஒரு மாநில விதியை நிறுவ ஃபிலிப் மோரிஸ் ஒரு சட்டத்தை வரைந்தது. அதுவே 188-ஆம் முன்மொழிவு. அதை முன்வைத்த அமைப்புக்கு இட்ட பெயரைப் பாருங்கள்: ‘மாநிலம் தழுவிய புகைக் கட்டுப்பாட்டை விரும்பும் கலிபோர்னியர்’! கடைவாசல்களில் கையெழுத்துத் திரட்டியவர்கள், இது புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றே சொல்லிக் கையெழுத்து வாங்கினர் என்று புகார் எழுந்தது. சாலையோர விளம்பரப் பலகைகள் கடுமையான மாநிலக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தருமாறு வேண்டின. புகையை வெறுத்தவர்களே புகைக்குச் சாதகமான சட்டத்துக்கு முன்வந்து கையெழுத்திட்டனர். தொடக்கத்தில் எடுத்த கருத்துக் கணிப்புகளிலும் அது முன்னணியில் இருந்தது.

அதை வீழ்த்தியது பெரிய சொற்பொழிவோ மருத்துவ ஆதாரமோ அன்று. கலிபோர்னியா வெல்னஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை 40 லட்சம் டாலரை ஒதுக்கி, இரு தரப்பையும் சாராத ஒரு விளக்க இயக்கத்துக்கு ஏற்பாடு செய்தது. அதன்படி வெளிவந்த விளம்பரங்களில் ‘ஆதரியுங்கள்’ என்றோ ‘எதிர்த்து வாக்களியுங்கள்’ என்றோ ஒரு சொல் இல்லை. முன்மொழிவுக்குப் பணம் கொடுத்தவர் யார், எதிர்ப்புக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற இரண்டு பட்டியல்கள் மட்டும் பக்கத்தில் பக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. ஒரு பக்கம் ஃபிலிப் மோரிஸ், ஆர். ஜே. ரெனால்ட்ஸ் முதலான சிகரெட் நிறுவனங்கள். மறுபக்கம் புற்றுநோய்ச் சங்கம் முதலான மருத்துவ, மக்கள்நல அமைப்புகள். பெயர்களைப் படித்த மக்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நவம்பரில் 71 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தனர். தொழில் செலவிட்டது 1 கோடியே 80 லட்சம் டாலருக்கும் மேல்.

தோற்றவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1998 ஜனவரி முதல் கலிபோர்னியாவின் மதுக்கூடங்களுக்கும் புகைத்தடை வந்தபோது, புகைப்பவர் கூட்டணி மதுக்கூட உரிமையாளர்களைத் திரட்டியது. அந்த ஆரவாரத்தில் சட்டமன்றத்தின் கீழவை தடையை நிறுத்திவைக்க இசைந்தது, மேலவை இசையவில்லை. மற்றொரு புறம், ஆர். ஜே. ரெனால்ட்ஸின் ஆதரவில் 1994-இல் ‘அரசே, எங்கள் முதுகிலிருந்து இறங்கு’ என்ற முழக்கத்தோடு ஒரு கூட்டமைப்பு தோன்றி, வரி எதிர்ப்பாளரையும் சிறுவணிகரையும் ஒன்று சேர்த்தது. 1984-இல் தொடங்கப்பட்ட ‘சிட்டிசன்ஸ் ஃபார் எ சவுண்ட் எகானமி’ என்னும் அமைப்பும் பல ஆண்டுகள் சிகரெட் நிறுவனங்களின் நன்கொடையைப் பெற்றது. 2004-இல் அது இரண்டாகப் பிரிந்து உருவான அமைப்புகள், பின்னர் 2009-இல் எழுந்த ‘டீ பார்ட்டி’ இயக்கத்தில் முனைந்து பங்கேற்றன. அந்த இயக்கமே சிகரெட் நிறுவனங்களின் படைப்பு என்று சொல்வாரும் உளர். அது மிகைக்கூற்று என்பது என் கருத்து. ஒரு கருவியைச் செய்து பழகியவர்கள் அதை விட்டுச் சென்றபின், வேறொருவர் வேறொன்றுக்காக அதைக் கையில் எடுப்பது உலக வழக்கமே.

கடல் கடந்தும் இம்முறை சென்றது. இங்கிலாந்தில் 1979-இல், இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற விமானப்படைத் தளபதி ஒருவரைத் தலைவராக்கித் தொடங்கிய ‘ஃபாரஸ்ட்’ என்னும் புகைப்பவர் அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி சிகரெட் நிறுவனங்களுடையது. 1984-இல் அமைந்த பன்னாட்டுப் புகையிலை விளைவிப்போர் சங்கத்தை 1980-களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் தம் பணத்தால் வலுப்படுத்தின. மலாவி, ஜிம்பாப்வே, பிரேசில் போன்ற நாடுகளின் ஏழை உழவர் பெயரால் உலக சுகாதார நிறுவனத்தின் முன் பேசினால் எவர் மறுத்துப் பேசத் துணிவார்? 2003-இல் ஏற்கப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு, தொழிலின் வணிக நலன்களிலிருந்து அரசின் கொள்கைகளைக் காக்க வேண்டும் என்று விதித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமெல்லாம் உண்டு. இந்தியா 2004-லேயே அதை ஏற்று ஒப்பமிட்ட நாடு.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரியவந்தது? 1998-இல் முதலில் மின்னசோட்டா வழக்கிலும், பின்னர் நவம்பரில் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட பெரும் உடன்படிக்கையிலும், பல்லாயிரம் கோடி டாலர் கொடுப்பதோடு தம் உள்ளறைக் கோப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடவும் நிறுவனங்கள் இசைந்தன. டொபாக்கோ இன்ஸ்டிடியூட் கலைக்கப்பட்டது. புகைப்பவர் கூட்டணியும் பணவரத்து நின்றதும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சந்தடியின்றி மறைந்தது. முப்பது லட்சம் உறுப்பினர்களில் எவரும் அதை மீண்டும் எழுப்ப முன்வரவில்லை. 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் பல்லாண்டுகள் கூடிச் சதிசெய்து மக்களை ஏமாற்றின என்று ஆயிரத்து அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில் எழுதினார். அவர் ஆணையிட்ட திருத்த அறிக்கைகள், மேல்முறையீடுகளால் தாமதப்பட்டு, 2017 நவம்பரில்தான் செய்தித்தாள்களில் வெளிவந்தன. 1954-இன் ‘ஒளிவுமறைவற்ற அறிக்கை’ வெளியாகி அப்போது அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்தக் கோப்புகள் இன்று சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களாக, எவரும் காணத் திறந்து கிடக்கின்றன. செலவுத் திட்டங்களும் கூட்டக் குறிப்புகளும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய மாதிரிக் கடிதங்களும் அவற்றில் உள்ளன. அவற்றோடு, சாதாரணப் புகைப்பவர்கள் தம் கையெழுத்திலேயே நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களும் கலந்து கிடக்கின்றன. அவை எந்த மாதிரியையும் பின்பற்றியவை அல்ல. சிலர் திட்டுகின்றனர், சிலர் நன்றி சொல்கின்றனர், சிலர் இந்தப் பழக்கத்தை விடுவதற்கு ஏதேனும் வழியுண்டா என்று கேட்கின்றனர்.